மூச்சு நின்ற பிறகும் செல் சுவாசிக்குமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மூச்சுவிடுதலுக்கும் செல் சுவாசத்துக்கும் உள்ள வேறுபாடுகளை வகுப்பில் அட்டவணையாகத் தந்திருக்கிறார்கள். மனப்பாடமும் செய்துவிட்டீர்கள். ஆனாலும் மூச்சு நின்றால் செல்லும் செத்துப்போகிறதே, பிறகு எப்படி இரண்டும் வேறு என்ற சந்தேகம் உங்களை விடவில்லை. கூடவே இரண்டு துணைக் கேள்விகள்: செடி சுவாசிக்கிறது என்றால் அது மூச்சும் விடுகிறதா? ஆழமாக மூச்சிழுத்தால் செல்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் போகுமா? உங்களுக்கு வரையறை தெரிந்திருக்கிறது. ஒன்று இல்லாதபோது மற்றொன்று நடக்குமா என்பதைத்தான் அறிய விரும்புகிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நான் மயக்கவியல் மருத்துவர். அறுவை அரங்கில் நோயாளியின் மூச்சை மருந்தால் நிறுத்துவதும், இயந்திரத்தால் நடத்துவதும், பிறகு அவரிடமே ஒப்படைப்பதும் என் அன்றாட வேலை. அதனால் அங்கே பார்த்தவற்றைக் கொண்டே பதில் சொல்கிறேன்.

மூச்சுவிடுதல் முழுக்க முழுக்கத் தசைகளின் வேலை. உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்குகிறது, விலா எலும்புகள் விரிகின்றன, மார்புக்கூட்டின் உள்ளே அழுத்தம் குறைகிறது, காற்று நுழைகிறது. தசைகள் தளர்ந்ததும் நுரையீரல் தன் மீள்தன்மையால் சுருங்கிக் காற்றை வெளியே தள்ளுகிறது. ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 16 தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 500 மி.லி. காற்றை உள்ளிழுக்கிறார். அதில் 150 மி.லி. மூச்சுக்குழல்களிலேயே தங்கித் திரும்பிவிடுகிறது. மிச்சம்தான் நுண்காற்றறைகளை எட்டுகிறது. உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், வெளியே வரும் காற்றில் ஏறத்தாழ 16 சதவீதம். கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 4 சதவீதமாக உயர்கிறது. வெளிவிடும் காற்றில் இவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருப்பதால்தான் வாயோடு வாய் வைத்து ஊதும் முதலுதவி பலனளிக்கிறது. இந்த வேலையால் உடலுக்கு ஆற்றல் எதுவும் கிடைப்பதில்லை. செலவுதான். ஆஸ்துமா முற்றி வருகிறவர்கள் மூச்சுவிடுகிற உழைப்பிலேயே களைத்துச் சோர்ந்துவிடுவதை அவசரப் பிரிவில் பணியாற்றும் எவரும் பார்த்திருப்பார்கள்.

செல் சுவாசத்தில் காற்று எங்கும் நுழைவதில்லை. குளுக்கோஸ், கொழுப்பு போன்றவற்றைச் செல் படிப்படியாக உடைத்து, அவற்றில் இருக்கும் ஆற்றலை ஏடிபி என்ற மூலக்கூறாக மாற்றிக்கொள்கிறது. முதல் படியான கிளைக்காலிசிஸ் செல்லின் சைட்டோபிளாசத்தில் நடக்கிறது; அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. அடுத்து, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புக்குள் கிரெப்ஸ் சுழற்சி என்ற வினைத்தொடர். குளுக்கோஸின் ஆறு கார்பன் அணுக்களும் கார்பன் டை ஆக்சைடாகக் கழன்றுவிடுவது மைட்டோகாண்ட்ரியாவில்தான். கடைசியாக எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி. உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் இதன் வழியே இறங்கும்போது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு ஒருபுறம் புரோட்டான்கள் குவிக்கப்படுகின்றன. மேட்டூரில் தேக்கிய நீர் சுரங்க மின்நிலையத்தின் டர்பைனைச் சுழற்றுவதுபோல, குவிந்த புரோட்டான்கள் திரும்பி வரும் வழியில் ஒரு நொதியைச் சுழற்றுகின்றன. அந்தச் சுழற்சியில் ஏடிபி உருவாகிறது. பீட்டர் மிட்செல் 1961 இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது பலர் நம்பவில்லை. 1978 இல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே உங்கள் அட்டவணையில் அநேகமாக இல்லாத ஒன்றைக் கவனியுங்கள். நாம் இழுக்கும் ஆக்சிஜன்தான் கார்பன் டை ஆக்சைடாக மாறி வெளியே வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இழுத்த ஆக்சிஜன் அந்தச் சங்கிலியின் கடைசியில் எலக்ட்ரான்களையும் புரோட்டான்களையும் ஏற்று நீராகிறது. வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் உணவிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தவை. ஒரு வாயு உள்ளே போய், உருமாறி, அதே வழியில் திரும்புகிறது என்ற எண்ணம்தான் மூச்சையும் செல் சுவாசத்தையும் ஒன்றாகத் தோன்றவைக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இந்தக் குழப்பம் பெரிய மேதைகளுக்கும் இருந்தது. 1780களில் பிரெஞ்சு அறிஞர்களான லவாய்சியரும் லாப்லாஸும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் ஒரு கினிப் பன்றியை வைத்து, உருகிய பனியை அளந்து, சுவாசம் என்பது மெதுவாக நடக்கும் எரிதல் என்று காட்டினார்கள். அது மகத்தான கண்டுபிடிப்பு. ஆனால் அந்த எரிதல் நுரையீரலில் நடப்பதாகவே லவாய்சியர் எண்ணினார். 1837 இல் மாக்னஸ் என்பவர் தமனி இரத்தத்திலும் சிரை இரத்தத்திலும் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் இருப்பதை அளந்து காட்டினார். 1870களில் ஜெர்மனியின் ஃப்ளூகர், ஆக்சிஜன் செலவாவது திசுக்களிலேயே என்று நிறுவினார். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அந்த வினைகள் மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கின்றன என்பதை 1948 இல்தான் கென்னடியும் லெனிஞ்சரும் காட்டினார்கள்.

இனி உங்கள் முதன்மைக் கேள்வி. மயக்கம் கொடுப்பதற்கு முன் நோயாளியின் முகத்தில் முகமூடியைப் பொருத்தி, மூன்று நிமிடம் தூய ஆக்சிஜனை இழுக்கச் சொல்வோம். நுரையீரலில் இருந்த நைட்ரஜன் வெளியேறி, அந்த இடத்தை ஆக்சிஜன் நிரப்பிக்கொள்கிறது. பிறகு கொடுக்கும் தசைத் தளர்த்தி மருந்து உதரவிதானம் உட்பட எல்லா எலும்புத் தசைகளையும் செயலிழக்கவைக்கிறது. மார்பு அசையாது. மூச்சு முழுமையாக நின்றுவிட்டது. ஆனால் இதயம் துடிக்கிறது, மூளை உயிரோடிருக்கிறது, இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று விரலில் மாட்டி அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 100 என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. ஓய்வில் உடலின் செல்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மி.லி. ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. நுரையீரலில் இப்போது இருக்கும் இருப்பு இரண்டரை லிட்டர் அளவு. ஆகவே ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த எண் 90க்குக் கீழே இறங்க எட்டு நிமிடம் வரை ஆகலாம். உடல் பருமன் உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அவகாசம் மிகக் குறைவு. அவர்களிடம் நாங்கள் விரைந்து செயல்படுவதற்கு இதுவே காரணம். அந்த நிமிடங்கள் முழுவதும் மூச்சு இல்லை, செல் சுவாசம் இருக்கிறது.

இதன் எல்லை எதுவரை என்று 1959 இல் அமெரிக்காவில் ஃப்ரூமினும் அவருடன் பணியாற்றியவர்களும் சோதித்தார்கள். தசைகள் செயலிழந்த நோயாளிகளின் மூச்சுக்குழலை ஆக்சிஜனோடு இணைத்துவிட்டு, காற்றை உள்ளே தள்ளாமல் காத்திருந்தார்கள். நீண்ட சோதனை 55 நிமிடம் வரை போனது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையவில்லை; செல்கள் எடுக்க எடுக்க, புதிய ஆக்சிஜன் தானாகவே நுரையீரலுக்குள் நகர்ந்து வந்தது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு வெளியேற வழியில்லாமல், இயல்பான 40 மி.மீ. பாதரச அளவைத் தாண்டி 250 வரை ஏறியது. இன்று இப்படியொரு சோதனையை எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. மூச்சின் இரண்டு வேலைகளில் ஆக்சிஜன் தருவதை வேறு வழியில் சமாளித்துவிட முடியும், கழிவை அகற்றுவதைச் சமாளிப்பது கடினம் என்பதை அது எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

எதிர்ப்பக்கத்துக்குச் சயனைடு நஞ்சு எடுத்துக்காட்டு. அது மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும் கடைசி நொதியில் உள்ள இரும்பைப் பற்றிக்கொள்கிறது. நோயாளி மூச்சுவிடுகிறார், தொடக்கத்தில் வழக்கத்தைவிட வேகமாகவே விடுகிறார். நுரையீரல் சரியாக இருக்கிறது, இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கிறது, ஆனால் செல்லால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. பயன்படாத ஆக்சிஜனோடு திரும்புவதால் சிரை இரத்தமும் தமனி இரத்தம்போல் பளிச்சென்று சிவந்திருக்கும். சேலம் பக்கத்தில் விளையும் மரவள்ளிக் கிழங்கிலும் சயனைடை வெளியிடும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. தோலை உரித்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும் வழக்கம் மிகச் சரியானது. கசப்பான கிழங்கைச் சாப்பிடவே கூடாது.

இரண்டு வழியிலும் உயிர் போகலாம் என்பது உண்மை. ஆனால் வரிசை வேறு. தொண்டையில் உணவு அடைத்துக்கொண்டவருக்கு முதலில் மூச்சு நிற்கிறது, இருப்பு தீர்ந்த பிறகு செல்கள் ஓய்கின்றன. சயனைடில் முதலில் செல்கள் ஓய்கின்றன; மூளைத்தண்டின் செல்களும் ஓய்ந்த பிறகே மூச்சு நிற்கிறது. சிகிச்சையும் அதற்கேற்ப மாறும். முதலாமவருக்கு அடைப்பை எடுத்தால் போதும். இரண்டாமவருக்கு ஆக்சிஜன் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் காப்பாற்ற முடியாது. ஹைட்ராக்சோகோபாலமின் போன்ற மாற்று மருந்து சயனைடைப் பிடித்து அகற்ற வேண்டும். ஒன்றன் கோளாறுக்கு மற்றொன்றின் மருந்து உதவவில்லை என்றால் அவை இரண்டு வெவ்வேறு நிகழ்வுகள் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாக ஒன்று, எங்கள் துறையில் எல்லோரும் அஞ்சுவது. மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்ற அரிய மரபுக் கோளாறு உள்ளவர்களுக்குச் சில மயக்க வாயுக்களோ சக்சினைல்கோலின் என்ற மருந்தோ கொடுத்தால், தசைச் செல்களுக்குள் கால்சியம் கட்டுக்கடங்காமல் வெளிப்பட்டு, செல் சுவாசம் வெறிபிடித்ததுபோல் ஏறும். 1960 இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டென்பரோவும் லவலும் இதை முதலில் பதிவு செய்தார்கள். கால் முறிந்து வந்த 21 வயது இளைஞர் ஒருவர், ஈதர் மயக்கத்தில் தம் உறவினர்கள் பத்துப் பேர் இறந்ததாகச் சொல்லி, முறிந்த காலைவிட மயக்க மருந்துக்கே அதிகம் பயந்தார். அந்தப் பயத்தை அவர்கள் மதித்ததால்தான் நோய் வெளிச்சத்துக்கு வந்தது. இதில் வென்டிலேட்டர் நிமிடத்துக்கு 12 மூச்சு என்று ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும், காற்றின் அளவிலும் மாற்றம் இருக்காது. ஆனால் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப் கருவியில் 35க்கும் 45க்கும் இடையே இருக்க வேண்டிய எண் 60, 70 என்று ஏறும். உடல் சூடு பெரும்பாலும் அதற்குப் பிறகே ஏறுகிறது. டான்ட்ரோலீன் என்ற மருந்து உடனே கிடைத்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம். மூச்சு மாறாமலேயே செல் சுவாசம் பல மடங்கு ஆகிவிட்டதைத்தான் அந்த எண் சொல்கிறது.

செடிகளைப் பற்றி நான் சொல்வது பாடநூல் வழி அறிந்தது, ஆனாலும் ஐயமில்லாதது. செடிக்கு மூச்சு இல்லை, செல் சுவாசம் உண்டு, இரவும் பகலும் உண்டு. இலைத்துளைகள் வழியாகவும் வேர்களின் மேற்பரப்பு வழியாகவும் வாயுக்கள் ஊடுருவிப் போய்வருகின்றன. காற்றை இழுத்துத் தள்ளும் தசை எதுவும் கிடையாது. பிச்சாவரம் சதுப்பில் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும் வெண்கண்டல் மரங்களின் சுவாச வேர்கள், ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள் இருக்கும் வேர்ச் செல்களுக்காக ஏற்பட்டவை. தேர்வில் 'தாவரங்கள் சுவாசிக்கின்றன' என்று எழுதலாம், 'மூச்சுவிடுகின்றன' என்று எழுதக் கூடாது. இரவில் புளிய மரத்தடியில் படுத்தால் அது விடும் கார்பன் டை ஆக்சைடு ஆளைக் கொன்றுவிடும் என்பதற்கு அடிப்படை இல்லை. திறந்த வெளியில் அந்தச் சிறு அளவு உடனே கலைந்துவிடும். நம் உடலுக்குள்ளேயே ஒரு விந்தையும் இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் இரத்தச் சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது. சுமக்கும் ஆக்சிஜனைத் தனக்கென்று அது எரிப்பதில்லை, கிளைக்காலிசிஸை மட்டும் நம்பி ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது.

உறுதியற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குளுக்கோஸிலிருந்து எத்தனை ஏடிபி? பழைய புத்தகங்களில் 36 அல்லது 38 என்று இருக்கும். இப்போதைய கணக்கு 30 முதல் 32 வரை. புரோட்டான்கள் சில சவ்வின் வழியே கசிந்துவிடுவதாலும் வேறு வேலைகளுக்குச் செலவாவதாலும் முழு எண்ணாக ஒரே விடை சொல்ல முடியாது. தேர்வில் உங்கள் பாடநூல் தரும் எண்ணையே எழுதுங்கள், மனதில் புதிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ஓடிய மறுநாள் கால் வலிப்பதற்கு லாக்டிக் அமிலம் காரணம் என்று இன்னும் பல இடங்களில் எழுதுகிறார்கள். அது தவறு, உழைப்பில் சேரும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் இரத்தத்தில் இருக்கும் வடிவம்) ஒரு மணி நேர அளவில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது, மறுநாள் வலி தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தோடு தொடர்புடையது. கடுமையான கிருமித்தொற்றில் இரத்த லாக்டேட் ஏறுவது ஏன் என்பதில் எங்கள் துறையிலேயே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஆக்சிஜன் போய்ச் சேரவில்லை என்பது ஒரு தரப்பு, சேர்ந்தும் மைட்டோகாண்ட்ரியா அதைப் பயன்படுத்த முடியாமல் முடங்கியிருக்கிறது என்பது இன்னொரு தரப்பு, அட்ரீனலின் மிகுதியால் கிளைக்காலிசிஸ் வேகமெடுக்கிறது என்பது மூன்றாவது. மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கலாம் என்பதே என் கணிப்பு. அதை உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஆழ்ந்த மூச்சு. ஆரோக்கியமானவரின் ஹீமோகுளோபின் சாதாரண மூச்சிலேயே 97, 98 சதவீதம் நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் ஏற்றுவதற்கு இடமில்லை. செல் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கும் என்பதை அதன் வேலைதான் தீர்மானிக்கிறது, மூச்சின் ஆழம் தீர்மானிப்பதில்லை. மெதுவாக, சீராக மூச்சுவிடும் பயிற்சியால் இதயத் துடிப்பு தணிகிறது, மனம் அமைதியாகிறது. பிராணாயாமம் செய்கிறவர்கள் அதை விட வேண்டியதில்லை. செல்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் போவதால்தான் அந்தப் பலன் என்ற விளக்கத்தை மட்டும் ஏற்க முடியாது. வேகமாகவும் ஆழமாகவும் தொடர்ந்து இழுத்துவிட்டால் தலைசுற்றுவது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறி, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால்.

மூச்சுக்கும் செல்லுக்கும் உள்ள உண்மையான தொடர்பு இந்தக் கார்பன் டை ஆக்சைடு வழியாகத்தான் ஓடுகிறது. செல்கள் அதிகம் உழைத்தால் அது அதிகம் உண்டாகிறது. இரத்தத்தின் அமிலத்தன்மை சற்றே ஏறுவதை மூளைத்தண்டில் உள்ள முகுளம் உணர்ந்து, மூச்சை வேகப்படுத்துகிறது. மூச்சை அடக்கும்போது தாங்க முடியாமல் வரும் உந்துதலும் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருவதே. ஆக்சிஜன் குறைவு அவ்வளவு உரக்கக் குரல் கொடுப்பதில்லை. ஆகையால் கிணற்றிலோ குளத்திலோ யார் அதிக நேரம் முங்கியிருப்பது என்று பந்தயம் வைக்கிறவர்கள், முங்குவதற்கு முன் பலமுறை வேகமாக இழுத்துவிடும் வழக்கம் மிக ஆபத்தானது. அது ஆக்சிஜன் இருப்பைக் கூட்டுவதில்லை. கார்பன் டை ஆக்சைடை மட்டும் வெகுவாகக் குறைத்துவிடுகிறது. தண்ணீருக்கடியில் செல்கள் வழக்கம்போல் ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டிருக்கும். மேலே வரச் சொல்லும் உந்துதல் எழுவதற்குள் நினைவு தப்பிவிடும், எந்த முன்னறிகுறியும் இல்லாமல். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். உங்கள் நண்பர்கள் யாராவது இதைச் செய்தால், முங்குவதற்கு முன்பே தடுத்துவிடுங்கள்.